பத்தொன்பது வயதோடு முடியும் ஓட்டம்: இலங்கையில் கிரிக்கெட்டும் மற்ற விளையாட்டுகளும்

2022 செப்டெம்பர் 11, ஞாயிற்றுக்கிழமை. அன்று ஒரே நாளில் இலங்கை இரண்டு ஆசியக் கிண்ணங்களை வென்றது. துபாயில் பாகிஸ்தானை 23 ஓட்டங்களால் வீழ்த்தியது கிரிக்கெட் அணி. சிங்கப்பூரில் சிங்கப்பூர் அணியை அதன் சொந்த மண்ணிலேயே 63–53 என்று வென்றது வலைப்பந்தாட்ட (நெற்போல்) அணி. பெற்றோல் வரிசையிலும் எரிவாயு வரிசையிலும் நின்று களைத்துப்போன ஒரு வருடத்தில் நாட்டுக்குக் கிடைத்த அபூர்வமான சந்தோசம் அது. கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து கொழும்பு வரை இரு அணிகளையும் ஊர்வலமாகக் கூட்டிவந்தார்கள்.

அந்தத் துபாய்ப் போட்டியில் பானுக்க ராஜபக்ச ஆட்டமிழக்காமல் அடித்த 71 ஓட்டங்களும், ஹசரங்க ஒரே ஓவரில் எடுத்த மூன்று விக்கெட்டுகளும் இன்றைக்கும் பலருக்கு ஞாபகம் இருக்கும். வலைப்பந்தாட்ட அணியின் தலைவி யார் என்று கேட்டால்? கயாஞ்சலி அமரவன்ச. எத்தனை பேர் சொல்வார்கள்? நான் பலரிடம் கேட்டுப் பார்த்தேன். விளையாட்டுச் செய்திகளை ஒருநாள்கூடத் தவறவிடாதவர்களே யோசித்தார்கள்.

"சனங்களுக்குக் கிரிக்கெட்தான் பிடிக்கும், அதுக்கு என்ன செய்யிறது?" என்று இதைக் கடந்துபோவது சுலபம். அந்த விருப்பம் எப்படி உருவானது, மற்ற விளையாட்டுக்காரர்கள் எந்த இடத்தில் கைவிடப்படுகிறார்கள் என்று பார்த்தால் கதை வேறாக இருக்கிறது.

இலங்கையின் தேசிய விளையாட்டு கிரிக்கெட் அல்ல, கரப்பந்தாட்டம் (வொலிபோல்). 1916இல் கொழும்பு வை.எம்.சி.ஏ.யின் உடற்கல்விப் பணிப்பாளராக இருந்த வோல்டர் கமக் அதை இங்கே அறிமுகப்படுத்தினார். 1991இல் தேசிய விளையாட்டாக அறிவிக்கப்பட்டது. ஒரு வலை, ஒரு பந்து, காணிக்குள் கொஞ்சம் வெட்டை வெளி, இவ்வளவும் போதும். தோட்டத்தில் வேலை முடித்துவிட்டு வந்தவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கலாம். தெற்கில் கடலோரக் கிராமங்களிலும், வடக்கில் ஆவரங்கால், புத்தூர்ப் பக்கமும் அது ஊரின் விளையாட்டு. யாழ்ப்பாணத்தில் 'ஓவர் கேம்' என்றும் 'செற்றப் கேம்' என்றும் இரண்டு வகையாக அதை ஆடுவார்கள். இரவு விளக்கு வெளிச்சத்தில் நடக்கும் சுற்றுப்போட்டிகளுக்குப் பக்கத்து ஊரெல்லாம் திரண்டு வரும். தேசிய விளையாட்டு என்ற பட்டத்துக்கு அது தகுதியானதுதான். ஆனால் அந்தப் பட்டத்தோடு வேறு எதுவும் அதற்கு வந்து சேரவில்லை.

ஒலிம்பிக்கை எடுத்துக்கொண்டால் இன்னும் தெளிவாகத் தெரியும். 2024 பாரிஸ் வரைக்கும் இந்த நாடு வென்ற ஒலிம்பிக் பதக்கங்கள் இரண்டே இரண்டு. இரண்டும் ஓடுபாதையில் வந்தவை. 1948இல் லண்டனில் 400 மீற்றர் தடைதாண்டலில் டங்கன் வைற் வெள்ளி வென்றார். அதன்பின் 52 வருடம் ஒன்றும் இல்லை. 2000இல் சிட்னியில் 200 மீற்றரை 22.28 செக்கனில் ஓடி சுசந்திகா ஜயசிங்க வெண்கலம் வென்றார். முதலாவதாக வந்த மரியன் ஜோன்ஸ் ஊக்கமருந்து விவகாரத்தில் பதக்கத்தை இழந்தபின் அது வெள்ளியாக மாறியது. அதே சுசந்திகா 2017இல், மாதாந்தக் கொடுப்பனவு நின்றுபோனதால் அந்தப் பதக்கத்தை விற்கப்போவதாகப் பகிரங்கமாகச் சொன்னார். ஒரு நாட்டின் முழு ஒலிம்பிக் வரலாற்றில் பாதி அந்தப் பதக்கம். அதை விற்கும் பேச்சு அவர் வாயிலிருந்து வரும் நிலை எப்படி வந்தது?

முதலில் கிரிக்கெட் எப்படி மேலே போனது என்று பார்ப்போம். வெள்ளைக்காரன் கொண்டுவந்தான் என்று சொல்லி விட்டுவிட முடியாது. உதைபந்தும் ரக்பியும்கூட அதே கப்பலில் வந்தவைதான். கிரிக்கெட்டைத் தாங்கிப் பிடித்தவை பெரிய பாடசாலைகள். கொழும்பு றோயல் கல்லூரிக்கும் சென். தோமஸ் கல்லூரிக்கும் இடையிலான போட்டி 1879இலிருந்து வருகிறது. யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரியும் சென். ஜோன்ஸ் கல்லூரியும் மோதும் 'வடக்கின் பெருஞ்சமர்' 1904இல் தொடங்கியது. மூன்று நாளும் பழைய மாணவர்கள் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் ரிக்கெற் எடுத்து வந்து கோட்டைக்குப் பக்கத்து மைதானத்தில் பப்பாரப்பா மேளத்தோடு நிற்பார்கள். இங்கே கிரிக்கெட் ஒரு பாடசாலையின் மானம். மானத்துக்கு எப்போதும் காசு கிடைக்கும். துடுப்பு வாங்க, ஆடுகளம் போட, பயிற்றுநருக்குச் சம்பளம் கொடுக்க யாராவது ஒரு பழைய மாணவர் முன்வருவார். அதே பாடசாலையின் கரப்பந்து அணிக்கு வலை கிழிந்தால், விளையாட்டு ஆசிரியர் தன் கைக்காசில் நைலோன் கயிறு வாங்கி முடிச்சுப் போடுவார்.

அடுத்த படி 1981. அந்த வருடம் இலங்கைக்கு டெஸ்ட் அந்தஸ்து கிடைத்தது. பதினைந்தாவது வருடத்தில், 1996 மார்ச் 17 அன்று லாகூரில் உலகக் கிண்ணம்.

அந்த வெற்றியின் எடை இலங்கைக்கு வெளியே இருப்பவர்களுக்கு விளங்குவது கடினம். அந்த ஜனவரி கடைசியில்தான் கொழும்பில் மத்திய வங்கி குண்டுவெடிப்பு நடந்திருந்தது. அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் கொழும்புக்கு வந்து ஆட மறுத்திருந்தன. வடக்கிலோ, முந்தைய ஒக்ரோபரில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் இடம்பெயர்ந்திருந்தது. நாங்கள் தென்மராட்சியில் ஒரு வீட்டு மாலில் ஐந்து குடும்பமாக இருந்தோம். மின்சாரம் இல்லாமல் ஆறு வருடம். பற்றரி தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து வானொலிக்குக் கொடுத்தோம். சுற்றுகிற கை களைத்தால் சத்தம் தேயும். அரவிந்த டி சில்வா சதத்தை நெருங்கும்போது மூன்று பேர் மாறி மாறிச் சுற்றினார்கள். வானொலிக்குள் இருந்தது எந்த நாடு, முற்றத்தில் இருந்த நாங்கள் எந்த நாடு என்ற கேள்வி எல்லார் மனதிலும் இருந்தது. இருந்தும் சுற்றினோம். அந்த ஒரு பின்னேரத்துக்குப் பிறகு கிரிக்கெட் இந்தத் தீவில் வெறும் விளையாட்டாக இருக்கவில்லை.

உணர்ச்சி ஒரு பக்கம். அதற்கு அடியில் ஒரு கணக்கும் இருக்கிறது, அதைப் பற்றி எங்கள் பேச்சில் அதிகம் வருவதில்லை.

சர்வதேச கிரிக்கெட் பேரவையின் முழு அங்கத்துவ நாடுகள் 12 மட்டுமே. உதைபந்தாட்டத்துக்கு பீபாவில் 211 சங்கங்கள். கரப்பந்துக்கும், ஓட்டமும் பாய்தலும் எறிதலுமான மெய்வல்லுநருக்கும் அதேபோல இருநூறுக்கு மேல். இரண்டு கோடி இருபது இலட்சம் பேர் வாழும் ஒரு சின்ன நாடு உலகின் முதல் எட்டு இடங்களுக்குள் வருவதற்கு எந்தக் கதவு திறந்திருக்கிறது? மெய்வல்லுநரில் ஒரு இலங்கைப் பெண் ஆசியாவிலேயே முதலாவதாக வந்தாலும் உலகப் பட்டியலில் எங்கோ கீழே இருப்பாள். கிரிக்கெட்டில் பன்னிரண்டு பேரில் ஆறாவது என்றாலும் உலகக் கிண்ணத்தில் இடம் உண்டு. ஆகவே 'உலகத் தரம்' என்ற சொல் கிரிக்கெட்டோடு மட்டும் ஒட்டிக்கொண்டது. ஒரு கிரிக்கெட் வீரனையும் ஒரு ஓட்டக்காரியையும் அவர்களின் உலகத் தரவரிசையை வைத்து ஒப்பிடுவதே பிழை. பன்னிரண்டு பேர் ஓடும் ஓட்டமும் இருநூறு பேர் ஓடும் ஓட்டமும் ஒன்றல்ல.

தொலைக்காட்சி அடுத்தது. ஆறு பந்துக்கு ஒருமுறை ஆட்டம் தானாக நிற்கும். ஒருநாள் போட்டி ஒன்றில் நூறு ஓவர் என்றால் விளம்பரம் போட ஏறக்குறைய நூறு இடைவெளி, விக்கெட் விழும் நேரம் தனி. உதைபந்தில் நாற்பத்தைந்து நிமிடம் மூச்சுவிட இடமில்லை. கரப்பந்தில் ஓரிரு நேரநிறுத்தங்கள். 400 மீற்றர் ஓட்டம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அதற்கு முன் அந்தப் பிள்ளை நான்கு வருடம் உழைத்திருப்பாள், ஆனால் நான்கு வருடத்தை ஒளிபரப்ப முடியாது. பக்கத்தில் இந்தியா என்ற பெரும் சந்தை இருப்பதால் கிரிக்கெட் ஒளிபரப்பின் விலை எங்கேயோ போய்விட்டது. 2024–27 காலத்துக்கான பேரவையின் வருமானப் பங்கீடு பற்றி வெளிவந்த செய்திகளின்படி இலங்கையின் பங்கு வருடத்துக்குச் சுமார் 27 மில்லியன் அமெரிக்க டொலர். இந்தியாவுக்குப் போவதோடு ஒப்பிட்டால் இது சிறு துளி. ஆனால் இலங்கையின் வேறு எந்த விளையாட்டுச் சங்கத்துக்கும் கனவிலும் எட்டாத தொகை.

இங்கே ஒரு விசயத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். கிரிக்கெட் மற்ற விளையாட்டுகளின் காசைப் பறித்துவிட்டது என்று வழக்கமாகக் குற்றம் சொல்வோம். அது சரியல்ல. அந்த டொலர் மற்ற விளையாட்டுகளின் பெட்டியிலிருந்து எடுக்கப்பட்டது அல்ல. கிரிக்கெட் இல்லாவிட்டால் அது நாட்டுக்கே வந்திராது. கிரிக்கெட்டைக் கீழே இழுத்தால் கரப்பந்து மேலே வரும் என்று நினைப்பவர்களோடு நான் உடன்படவில்லை. மற்ற விளையாட்டுகளுக்கு இல்லாமல் போனது ஏணி. பாடசாலை மைதானத்திலிருந்து வளர்ந்தவர்களின் வாழ்க்கைக்கு ஏறிப்போகும் படிகள். கிரிக்கெட்டுக்கு அது முழுமையாக இருக்கிறது: 15, 17, 19 வயது அணிகள், கழகங்கள், மாகாண அணிகள், ஒப்பந்தம், லங்கா பிரீமியர் லீக் எனும் எல்.பி.எல்., அதிர்ஷ்டமிருந்தால் ஐ.பி.எல். மற்ற விளையாட்டுகளுக்கு அடிப்படிகள் மட்டும் இருக்கின்றன. அவை நல்ல உறுதியான படிகள் என்பதுதான் வேதனை.

ஏனென்றால் இலங்கையின் பாடசாலை விளையாட்டு இந்தப் பிராந்தியத்தில் எவருக்கும் குறைந்ததல்ல. தை, மாசி வந்தால் எந்தக் குக்கிராமப் பாடசாலையிலும், பிள்ளைகளை 'இல்லங்கள்' என்ற குழுக்களாகப் பிரித்து நடத்தும் இல்ல மெய்வல்லுநர் போட்டி. சோடனை செய்த இல்லங்கள், அணிநடை, ஒலிம்பிக் சுடர்போல ஒரு தீபம், வெயிலில் காய்ந்து கறுத்த பிள்ளைகள். அங்கிருந்து கோட்டம், வலயம், மாவட்டம், மாகாணம், கடைசியில் அகில இலங்கைப் போட்டி. பாடசாலை மெய்வல்லுநருக்கான சேர் ஜோன் டாபட் கிண்ணம் தனி. பெரிய பெயர் இல்லாத வலல ஏ. ரத்நாயக்க மத்திய கல்லூரியின் மாணவியாக இருந்தபோதே தருஷி கருணாரத்ன 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டு விழாவில் 800 மீற்றரை 2 நிமிடம் 3.20 செக்கனில் ஓடித் தங்கம் வென்றார். 2002க்குப் பிறகு மெய்வல்லுநரில் நாட்டுக்கு வந்த முதல் ஆசியத் தங்கம் அது. பாடசாலை என்ற இயந்திரம் ஓடுகிறது. அது தயாரிப்பவர்களை வாங்கிக்கொள்ள அடுத்த பக்கத்தில் கையில்லை.

வலிகாமத்தில் ஒரு பாடசாலை மைதானத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். பின்னேரம் நாலரை இருக்கும். உயர்தரம் படிக்கும் ஒரு பிள்ளை, மாகாண மட்டத்தில் கோலூன்றிப் பாய்தலில் இடம்பெற்றவள், சப்பாத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஆசிரியருக்கு முன்னால் நின்றாள்.

"சேர், அடுத்த கிழமையில இருந்து நான் வரமாட்டன். அம்மா ரியூசனுக்குப் போகச் சொல்லிப்போட்டா."

ஆசிரியர் உடனே ஒன்றும் சொல்லவில்லை. மெத்தையின் விளிம்பில் பிய்ந்து தொங்கிய றெக்சினை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார். பிறகு, "அம்மாவோட நான் கதைக்கட்டே பிள்ளை?" என்றார்.

"வேண்டாம் சேர். அம்மா சொல்லுறதும் சரிதானே."

அவள் போன பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "இன்னும் ரெண்டு வருசம் பாய்ஞ்சா இவள் தேசிய மட்டத்தில நிண்டிருப்பாள். ஆனா தாய்க்கு நான் என்னத்தைச் சொல்லுறது? ஏ.எல். முடிஞ்சாப் பிறகு இவளை ஆர் கூப்பிடப்போறாங்கள்?"

அந்தக் கேள்விக்குத் தெற்கில் ஒரு பதில் இருக்கிறது: இராணுவம், கடற்படை, விமானப்படை, பொலிஸ். இலங்கையின் மெய்வல்லுநர்கள், குத்துச்சண்டை வீரர்கள், பளுதூக்குபவர்கள், கரப்பந்து வீரர்கள் என்று பார்த்தால் பெரும்பகுதியினர் முப்படைகளின் சம்பளப் பட்டியலில்தான் இருக்கிறார்கள். மாதச் சம்பளம், சாப்பாடு, தங்குமிடம், பயிற்றுநர், பயிற்சிக்கான நேரம் எல்லாம் அங்கே கிடைக்கும். டோக்கியோ பராலிம்பிக்கில் ஈட்டியை 67.79 மீற்றர் எறிந்து உலக சாதனையோடு தங்கம் வென்ற தினேஷ் பிரியந்த ஹேரத் போரில் காயப்பட்ட ஒரு இராணுவ வீரர். அரசு விளையாட்டுக்கென்று தனியாக ஏணி கட்டவில்லை; படைகளின் ஏணியையே விளையாட்டுக்காரர்களுக்கும் கொடுத்துவிட்டது.

இப்போது யாழ்ப்பாணத்திலோ முல்லைத்தீவிலோ மட்டக்களப்பிலோ இருக்கும் ஒரு தமிழ்ப் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். முப்பது வருடப் போருக்குப் பிறகு அந்தச் சீருடையைப் போடும்படி எந்தத் தாய் பிள்ளையிடம் சொல்வாள்? சட்டத்தில் தடை ஏதும் இல்லை. ஆனால் மனதிலும் ஊரிலும் அந்தக் கதவு மூடித்தான் இருக்கிறது. கிரிக்கெட் அல்லாத விளையாட்டுகள் நாடு முழுவதும் புறக்கணிக்கப்படுகின்றன. வடக்கு கிழக்கில் அந்தப் புறக்கணிப்பு இரண்டு மடங்காக விழுவதன் காரணம் இதுதான். தேசிய விளையாட்டுக் கொள்கை பற்றிக் கொழும்பில் நடக்கும் பேச்சுகளில் இதை யாரும் எடுத்துச் சொல்வதாகத் தெரியவில்லை.

இன்னொரு சின்ன ஏணி உண்டு. வங்கிகளும் தனியார் நிறுவனங்களும் வர்த்தக நிறுவனங்களுக்கிடையிலான போட்டிகளுக்காக விளையாட்டுக்காரர்களை வேலைக்கு எடுப்பது. வலைப்பந்தாட்டம் பிழைத்திருப்பது பெரும்பாலும் அதனால். தர்ஜினி சிவலிங்கம் அப்படி வங்கி அணியொன்றுக்கு ஆடியவர். யாழ்ப்பாணம் புன்னாலைக்கட்டுவன் பக்கம் ஈவினை என்ற ஊரில் பிறந்தவர். உயரம் 2 மீற்றர் 8 சென்ரிமீற்றர். உலகில் வலைப்பந்து ஆடும் பெண்களில் மிக உயரமானவர்களில் ஒருவர். ஊரில் அந்த உயரத்தைப் பார்த்துக் கேலி செய்தவர்கள் உண்டு. வலைக்கு அடியில் போய் நின்றதும் அதே உயரம் நாட்டின் சொத்தாகிவிட்டது. 2009இலும் 2018இலும் 2022இலும் ஆசியக் கிண்ணம் வென்ற அணிகளில் அவர் இருந்தார். 2018 இறுதிப் போட்டியில் சிங்கப்பூரை 69–50 என்று வென்றார்கள். 2019 உலகக் கிண்ணத்தில் எல்லா நாட்டு வீராங்கனைகளையும் விட அதிகமாகக் கோல் போட்டவர் அவர். அவுஸ்திரேலியாவுக்குப் போய் அங்குள்ள வலைப்பந்துத் தொடரிலும் ஆடினார். ஒரு கிரிக்கெட் வீரர் இதில் பாதியைச் செய்திருந்தால் அவர் முகம் பிஸ்கட் பெட்டியிலிருந்து பஸ் நிலையம் வரை எங்கும் இருந்திருக்கும்.

கோலூன்றிப் பாய்தலுக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் வடக்கின் கதை முழுவதும் அந்த ஒரு விளையாட்டுக்குள் இருக்கிறது. அகில இலங்கைப் பாடசாலைப் போட்டிகளில் இந்த நிகழ்ச்சிக்கு யாழ்ப்பாணப் பிள்ளைகள் வந்தால் மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரியிலிருந்து வந்த அனிதா ஜெகதீஸ்வரன் பெண்களுக்கான தேசிய சாதனையைத் திரும்பத் திரும்ப முறியடித்தார், பலமுறை தன்னுடைய சாதனையையே. சாவகச்சேரி இந்துக் கல்லூரியின் அருந்தவராசா புவிதரன் 5 மீற்றருக்கு மேல் பாய்ந்து ஆண்களுக்கான தேசிய சாதனையைத் தன் பெயரில் எழுதினார்.

இந்த விளையாட்டுக்கு என்ன வேண்டும் என்று பாருங்கள். கோல் கண்ணாடி இழையால் ஆனது, வெளிநாட்டிலிருந்துதான் வரவேண்டும். பாய்பவரின் நிறைக்கும் உயரத்துக்கும் பொருந்த வேண்டும். பிள்ளை வளர வளர, வேகம் கூடக் கூட, வேறு கோல் தேவை. பழைய கோலோடு நின்றால் அது அளவுக்கு மிஞ்சி வளைந்து, போதிய அளவு தூக்கிவிடாது, ஆபத்தாகவும் முடியும். ஒரு பாடசாலையில் இரண்டு கோல் இருந்தால் அதுவே பெரிய விசயம்; நாலு பிள்ளைகள் அந்த இரண்டுக்குள் தங்களைப் பொருத்திக்கொள்ள வேண்டும். விழுவதற்குத் தடித்த மெத்தை வேண்டும். மாரி மழையில் நனைந்தால் பஞ்சு ஊறி மெத்தையே பழுதாகிவிடும், ஆகவே ஒவ்வொரு பின்னேரமும் பத்துப் பிள்ளைகள் சேர்ந்து அதைத் தூக்கிக் கட்டடத்துக்குள் கொண்டுபோக வேண்டும். பயிற்சியின் முதல் பத்து நிமிடமும் கடைசிப் பத்து நிமிடமும் அதற்கே போகும்.

போட்டி கொழும்பில். யாழ்ப்பாணத்திலிருந்து ஏறக்குறைய 400 கிலோமீற்றர். நாலு மீற்றருக்கு மேல் நீளமான கோலை எந்த பஸ்ஸுக்குள் ஏற்றுவது? வான் கூரையில் கட்டினால் முன்னும் பின்னும் நீட்டிக்கொண்டிருக்கும். சிவப்புத் துணி கட்டி, வவுனியா தாண்டும் வரை யாராவது ஒருவர் யன்னலால் கையை நீட்டிக் கட்டு இறுக்கமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டே வருவார். இரவு முழுக்க ஓடி விடிய சுகததாச விளையாட்டரங்கில் இறங்கும் பிள்ளை, அங்கே முதல்முறையாகச் செயற்கை ஓடுபாதையில் கால் வைப்பாள். ஊரில் புல்லிலும் மண்ணிலும் எண்ணிப் பழகிய அடி அளவு அந்தப் பாதையில் மாறும். அங்கே கால் மண்ணில் புதையாது, உந்தித் தள்ளும். கொழும்புப் பிள்ளை கிழமைக்கு மூன்று நாள் ஓடும் பாதை அது. இப்படிப் போயும் பதக்கத்தோடு வருகிறார்கள் என்பதை நினைக்கும்போது எனக்குப் பெருமையை விடக் கோபம்தான் முதலில் வருகிறது.

இந்த மண்ணுக்குப் பாய்தல் புதிதல்ல. யாழ். மத்திய கல்லூரி மாணவரான நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் உயரம் பாய்ந்தார், 1956இல் மெல்பேர்னிலும் பாய்ந்தார். 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர் பாய்ந்து தங்கம் வென்றார். ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கம் அதுதான். 2024இல் அவர் காலமானபோது ஒருசில நாள் பத்திரிகைகளில் படம் வந்தது. வடக்கின் பெருஞ்சமரின் ஒவ்வொரு சதத்தையும் வருடவாரியாகச் சொல்லக்கூடியவர்களை எனக்குத் தெரியும். அதே கல்லூரியிலிருந்து போன எதிர்வீரசிங்கத்தை அறியாத பிள்ளைகளையும் எனக்குத் தெரியும்.

ஏணி இல்லாத இடத்தில் ஆட்கள் வேறு வழி தேடுவார்கள். யுபுன் அபேகோன் இத்தாலிக்குப் போய்ப் பயிற்சி எடுத்தார். 2022 ஜூலையில் சுவிற்சர்லாந்தில் 100 மீற்றரை 9.96 செக்கனில் ஓடி, பத்து செக்கனுக்குள் ஓடிய முதல் தெற்காசியரானார். அது நல்ல வழி. அதே கோடையில் பேர்மிங்காம் பொதுநலவாயப் போட்டிகளுக்குப் போன இலங்கைக் குழுவிலிருந்து வீரர்களும் அதிகாரிகளுமாகப் பத்துப்பேர் வரை காணாமல் போனார்கள். ஊரில் மருந்தும் எரிபொருளும் இல்லாத நேரம் அது. அவர்களைத் துரோகிகள் என்று எழுதியவர்களும் இருந்தார்கள். எனக்கு அப்படி எழுத மனம் வராது. தேசியச் சம்பியன் என்ற பெயரை வைத்துக்கொண்டு குடும்பத்துக்கு அரிசி வாங்க முடியாதவன் விமான ரிக்கெற்றை எப்படிப் பார்ப்பான் என்பது விளங்காத விசயமல்ல. 2004இல் நடந்தது இதைவிட மோசம். இலங்கையின் தேசியக் கைப்பந்து (ஹான்ட்போல்) அணி என்று சொல்லி ஜேர்மனிக்குப் போன 23 பேர் மாயமானார்கள். அப்படி ஒரு தேசிய அணியே அப்போது இலங்கையில் இருக்கவில்லை. கிரிக்கெட்டின் பெயரில் இதை யாராலும் செய்திருக்க முடியாது, பதினொரு பேரின் முகமும் எல்லாருக்கும் தெரியும். எவரும் திரும்பிப் பார்க்காத ஒரு விளையாட்டின் பெயரில்தான் அது முடிந்தது.

நிர்வாகத்திலும் இதே வேறுபாடு. 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டம் எல்லாச் சங்கங்களையும் விளையாட்டு அமைச்சரின் கைக்குள் வைத்திருக்கிறது; நாட்டைப் பிரதிநிதித்துவம் செய்யும் அணியின் பட்டியலுக்கும் அவர் ஒப்பம் வேண்டும். 2023 நவம்பரில் அரசாங்கத் தலையீடு என்று சொல்லிச் சர்வதேச கிரிக்கெட் பேரவை இலங்கையை இடைநிறுத்தியது. நாடாளுமன்றம் முதல் தேநீர்க்கடை வரை அதே பேச்சு. 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணம் இங்கிருந்து தென்னாபிரிக்காவுக்கு மாற்றப்பட்டது. மூன்று மாதம் முடிவதற்குள் தடை நீங்கியது. அதே வருடம் ஜனவரியில் பீபா இலங்கை உதைபந்தாட்டத்தை இடைநிறுத்தியிருந்தது. ஏழு மாதம். 1995இல் இந்தியாவை வென்று தெற்காசியத் தங்கக் கிண்ணம் எடுத்த நாடு ஏழு மாதம் சர்வதேச மைதானத்தில் கால் வைக்க முடியாமல் இருந்தது. குருநகர் பாடும்மீனும் நாவாந்துறை சென். மேரிசும் இளவாலை யங்ஹென்றிசும் ஆடினால் மதிலில் ஏறி நின்று பார்க்கும் எங்கள் கரையோர ஊர்களில்கூட, அந்தத் தடை எப்போது வந்தது, எப்போது போனது என்று கேட்டால் கையை விரிக்கிறார்கள்.

வடக்கில் கிரிக்கெட்டுக்கும் எல்லாம் சரியாக நடந்துவிடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். யாழ். மத்திய கல்லூரியின் விஜயகாந்த் வியாஸ்காந்த் 2024 ஐ.பி.எல்.லில் ஹைதராபாத் அணிக்குப் பந்து வீசியபோது ஊரே விழித்திருந்து பார்த்தது. 2025 செப்டெம்பரில் மண்டைதீவில் சர்வதேசக் கிரிக்கெட் மைதானத்துக்கு அடிக்கல் நட்டார்கள். அது வரட்டும், வரவேண்டும். ஆனால் அங்கே போகும் பாதையில்தான் 2016இல் திருத்தித் திறந்த துரையப்பா விளையாட்டரங்கும் இருக்கிறது. மண்டைதீவில் கொட்டப்போகும் காசோடு ஒப்பிட்டால் யாழ்ப்பாணத்துக்கு ஒரு செயற்கை ஓடுபாதை பெரிய செலவல்ல. அதோடு பாடசாலையை விட்டு வெளியேறும் பிள்ளைகளுக்குப் படையல்லாத ஒரு வேலைவழியும் வேண்டும். மாகாணசபையிலோ கல்வித் திணைக்களத்திலோ விளையாட்டுக்காரர்களுக்கென்று சில பயிற்றுநர் இடங்கள் இருந்தாலே போதும். அந்தச் சப்பாத்தைக் கழற்றி வைத்த பிள்ளையின் தாய்க்குச் சொல்ல ஆசிரியரிடம் ஒரு பதில் இருந்திருக்கும்.

போன மாசியில் அதே பாடசாலைக்கு இல்ல மெய்வல்லுநர் போட்டி பார்க்கப் போனேன். மெத்தையின் றெக்சினைத் தைத்திருந்தார்கள். கோல்கள் இரண்டும் மண்டபத்து வளையில் கயிற்றில் தொங்கின. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கதிரையில் ஏறி அதில் சின்னக் கோலை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். ஆசிரியர் கீழே நின்று மறுமுனையைத் தாங்கியபடி, "மெல்லப் பிள்ளை, மெல்ல. இது போனா வேற இல்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.